டைல்ஸுக்கு அடியில் தண்ணீர்: எங்கள் வீட்டு நடையைப் பெயர்த்துப் போட்ட கதை

டைல்ஸ் எழும்பிவிட்டது என்றால் எல்லோரும் முதலில் டைல்ஸ் மேஸ்திரிக்குத்தான் போன் போடுகிறார்கள். அவரும் வருவார். எழும்பினதைப் பெயர்த்து, அடியில் சிமெண்ட் பால் ஊற்றி, அதே கல்லைத் திரும்பப் பதித்து, சந்தில் வெள்ளைச் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் பக்கத்துக் கல் எழும்பும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கூப்பிட்ட வேலையைச் செய்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது அவர் வேலை இல்லை. அது தெரிகிற வரைக்கும் தரையில் கை வைக்காமல் இருப்பது இந்த வேலையில் பாதி. தெரிந்த பிறகு, காய்கிற வரைக்கும் கை வைக்காமல் இருப்பது மீதிப் பாதி. கல் ஒட்டுவதெல்லாம் கடைசியில் வரும் சின்ன வேலை.

எங்கள் வீடு உடுமலைப்பேட்டையிலிருந்து தாராபுரம் போகிற வழியில், கரிசல் மண் பூமியில் இருக்கிறது. முன்பக்கம் மாமனார் காலத்து ஆசாரம், அதாவது முன்கூடம். ஓடு வேய்ந்தது, தரை சிவப்புக் காவி. அதற்கு இன்று வரை ஒரு கேடும் இல்லை. பின்பக்கம் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்துக் கட்டிய சமையலறை, ரூம்களுக்குப் போகும் நீளமான நடை, இரண்டு ரூம், பாத்ரூம். அத்தனைக்கும் ஒட்டுக்கா இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர். அதிலிருந்து சுடுதண்ணீர்க் குழாய் நடைத் தரைக்குள்ளேயே ஓடி பாத்ரூமுக்குப் போகிறது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அறிகுறிகள் பனிக்காலத்திலேயே தொடங்கின. நடையில் ஓரிடத்தில் கல்லுக்குக் கல் இருக்கும் சந்து மட்டும் கறுத்திருந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தால் அழுக்கு போய்விடும், இது போகவில்லை. அப்புறம் எறும்பு. சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை இருக்கிறதே, அந்த ஸ்கர்ட்டிங் ஓரத்தில் தினமும் ஒரு சின்ன மண் குவியல். சீமாறு எடுத்துக் கூட்டினால் மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே அளவு. ஒரு நாள் அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். எங்கள் கரிசல் மண் இல்லை, நறநறவென்று எம்சாண்ட், கல்லை உடைத்துச் செய்கிற மணல். டைல்ஸுக்கு அடியில் கொட்டிய கலவை. எறும்பு தோண்டி எடுக்கிற அளவுக்கு அந்தக் கலவை உதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பூனை வேறு மார்கழி, தை முழுக்க நடையில் ஒரே ஒரு கல்லின் மேல்தான் படுத்தது. விரட்டினால் சுற்றிவிட்டு வந்து மறுபடியும் அதே கல். காலை வைத்துப் பார்த்தால் அந்தக் கல் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் வீடே அதிரும்படி ஒரு சத்தம். அத்தை யாரோ வெடி வைத்துவிட்டார்கள் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தார். நடையில் இரண்டு கற்கள் ஒன்றோடொன்று முட்டி, முக்கோணமாக எழுந்து நின்றன. அடியில் கை போகிற அளவு இடைவெளி.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தீர்ப்பு வந்தது. மாமா சொன்னார்: “வாய்க்கால்ல தண்ணி உட்டிருக்காங்க கண்ணு. பூமி ஊறுது, வேறொண்ணுமில்ல.” பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்: “கரிசக்காடுங்க. மண்ணு உப்பி மேல தள்ளுது. எங்கூட்லயும் அப்புடித்தான்.” மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “வெயிலுங்க அக்கா, இந்த வருசம் எல்லா ஊட்லயும் எந்திரிக்குது” என்றார்.

மூன்றும் நடக்கிற காரியம்தான், அதனால்தான் குழப்பமே. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் பாசன நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து, திருமூர்த்தி அணையிலிருந்து முறை வைத்து விடுகிறார்கள். எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் வந்தால் கிணறும் போரும் ஏறும், நிலம் ஈரம் பிடிக்கும், அஸ்திவாரம் சரியில்லாத வீட்டில் ஓதம் சுவரில் ஏறும். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். வெயில் சூட்டில் டைல்ஸ் நீளும் என்பதும் நிஜம். முப்பதடி நீளத் தரை 20 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளும். சுவரோரம் இடம் விடாமல் கல்லை இறுக்கிப் போட்டிருந்தால், அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் போக இடமில்லாமல் ஏதோ ஒரு சந்தில் மேலே எழும்பும்.

ஆனால் மண் உப்பியிருந்தால் சுவரில் கீறல் விழுந்திருக்க வேண்டும், கதவு நிலையில் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. வாய்க்கால் ஈரம் என்றால் எல்லா ரூமிலும் கொஞ்சமாவது தெரிய வேண்டும், நடையில் ஓர் இடத்தில் மட்டும் ஏன்? வெயில் என்றால் மாடி ரூமில்தான் முதலில் எழும்ப வேண்டும். வெயில் கடைசியாக வந்து தள்ளிவிட்டது, அவ்வளவுதான். பிடிப்பை விட்டு ரொம்ப நாளான கல்லைத் தள்ளுவதற்குப் பெரிய பலம் தேவையில்லை.

சோதித்துப் பார்ப்பதற்குப் பணம் ஒன்றும் செலவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மேல்தொட்டிக்கு வரும் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டோம். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன்னால் போய்ப் பார்த்தால் மட்டம் இறங்கியிருந்தது. வட்டமான ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு செண்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று செண்டிமீட்டர் என்றால் ஒரு ராத்திரியில் இரண்டு குடம் தண்ணீர் வீட்டுக்குள் எங்கோ இறங்கியிருக்கிறது. இதைச் செய்யும்போது கழிப்பறை பிளஷ் தொட்டியின் வால்வையும் மூடிவிடுங்கள். பல வீட்டில் அதுதான் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கும்.

அடுத்த ராத்திரி சோலாரிலிருந்து கீழே வரும் சுடுதண்ணீர் வால்வை மட்டும் மூடிவிட்டு அதே சோதனை. கோடு அசையவில்லை. பூனை படுத்த கல்லும் அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் பட்டது போலச் சில்லென்று ஆகிவிட்டது. பிளம்பர் வருவதற்கு முன்னாலேயே எந்தக் குழாய் என்று தெரிந்துவிட்டதால், அவர் வீடு முழுக்க உளி போடவில்லை.

இருந்தாலும் பாத்ரூமையும் ஒரு கை பார்த்துவிட்டோம். இரண்டு ஓட்டை இருந்து ஒன்றை மட்டும் அடைத்தால் உழைப்பெல்லாம் வீண். சலதாரைக்குப் போகும் தரை ஜாலியைத் துணி வைத்து நன்றாக அடைத்து, இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு ஒரு முழு நாள் விட்டோம். கோடு அப்படியே நின்றது. குழாயில் கசிவு இல்லாமல் பாத்ரூம் தரையிலிருந்து இறங்குகிறது என்று சந்தேகம் வந்தால், கட்டிய தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கலந்துவிடுங்கள். வெளிச்சுவரிலோ கீழ் வீட்டுக் கூரையிலோ நிறம் தெரிந்துவிடும்.

வாய்க்கால் ஈரமா என்று மாமாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். முழுசாகப் பெயர்க்கும் முன்னால் கசிவுக்குத் தள்ளி, பக்கத்து ரூமில் ஒரு கல்லை எடுத்துவிட்டு, அடியில் இருந்த தரையின் மேல் ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை விரித்து நாலு ஓரத்தையும் பட்டையான டேப் போட்டு ஒட்டினோம். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் உள்பக்கம் வியர்க்கவில்லை, அடியில் தரை கறுக்கவும் இல்லை. பூமியிலிருந்து ஈரம் ஏறவில்லை என்று அதற்கு அர்த்தம். மாமா அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

பெயர்ப்பதற்கு முன்னால் நடை முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். சுத்தியலின் மரப்பிடியால் கல்லின் நாலு மூலையும் நடுவும் தட்டினால் போதும். கெட்டியாகப் பிடித்த கல் ‘டொக்’ என்று சின்னதாகச் சொல்லும், பிடிப்பு விட்டது ‘டொம்’ என்று உள்ளே வெற்றிடமாகக் கேட்கும். விட்டதையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், வட்டங்கள் பாத்ரூம் வாசலிலிருந்து சமையலறை பக்கமாக ஒரு வாலைப் போல நீண்டிருந்தன. ஆனால் கல் எழும்பிய இடம் அந்த வாலின் நுனியில், கசிந்த இடத்திலிருந்து நாலைந்து கல் தள்ளி இருந்தது. டைல்ஸுக்கு அடியில் இருக்கும் கலவை முழுக்க மணல்தான். தண்ணீர் அதற்குள் பக்கவாட்டில் ஓடி, எங்கே சரிவு இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். எழும்பிய இடத்திலேயே தோண்டினால் கசிவு கிடைக்காது என்பதற்கு இதுதான் காரணம்.

தரையை அறுக்கும் அன்று முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. சில வீடுகளில் மின்சார ஒயர் போகும் குழாயும் தரைக்குள்தான் கிடக்கும். ஈரத் தரையில் அதை உளி தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரைண்டருக்கு வெளியிலிருந்து லைன் எடுத்தோம். சந்தை மட்டும் மெல்லிய டைமண்ட் பிளேடால் அறுத்து, ஏற்கெனவே உடைந்த கல்லிலிருந்து உளியைச் சாய்த்து வைத்துத் தொடங்கினால், பக்கத்துக் கற்கள் முழுசாக வரும். தூசி பற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். இந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும், துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். மேஸ்திரி தம்பிக்கு வாங்கிக் கொடுத்தேன். முதலில் நெற்றியில் மாட்டிக்கொண்டார், சத்தம் போட்ட பிறகு மூக்குக்கு இறங்கியது.

கல்லைத் தூக்கினவுடன் வந்த வாடை, ரொம்ப நாள் மூடி வைத்த சாக்குப் பைக்குள் தலையை விட்டது போல இருந்தது. அடியில் கலவை ஈரக் கருப்பு, விரலால் அழுத்தினால் குழைந்து வழிந்தது. கல்லின் முதுகில் சிமெண்ட் ஒட்டியதற்கான தடமே இல்லை. சுத்தமான வெள்ளைப் பொடி பூசின முதுகு. நடுநடுவே உப்புப் பூத்திருந்தது.

அந்தச் சுத்தமான முதுகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பக்கம் பாதி வீட்டுத் தரை இப்படித்தான் இருக்கிறது. பழைய செராமிக் டைல்ஸுக்குத் தண்ணீரை உறிஞ்சும் குணம் உண்டு. அதை ஊறப் போட்டுச் சிமெண்ட் பால் மேல் வைத்தால், பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் கல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. வெறும் சிமெண்ட் பாலுக்கு அதில் பிடிக்க இடமே இல்லை. போதாக்குறைக்கு, சூளையில் ஒட்டாமல் இருப்பதற்காகப் பூசும் வெள்ளைப் பொடி வேறு முதுகில் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த தரையில் கல் தன் கனத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஈரம் வந்தவுடன் குட்டு வெளிப்படும்.

கசிந்த இடம் பாத்ரூம் வாசலுக்குக் கீழே ஒரு எல்போ, குழாய் திரும்பும் இடத்து மூட்டு. சுடுதண்ணீருக்குப் போடும் வெளிர் மஞ்சள் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி பைப் எல்போவுக்குள் முழுசாகப் போகாமல் பாதியில் நின்றிருந்தது. பைப்பை ஒட்டும் சொல்யூஷன் ஒரு பக்கம் கட்டியாகத் திரண்டிருந்தது, மறுபக்கம் படவே இல்லை. இதில் சுடுதண்ணீர் ஓடினால் என்ன ஆகும் என்று பிளம்பர் விளக்கினார். பத்தடி சிபிவிசி பைப் 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7, 8 மில்லிமீட்டர் நீளும். தினமும் பகலில் நீண்டு, ராத்திரியில் சுருங்கி, கான்கிரீட்டுக்குள் அசைய முடியாமல் அந்தக் கேடு முழுவதும் மூட்டின் மேல்தான் இறங்கும். மூட்டு சரியாக இருந்தால் தாங்கும். அரைகுறை மூட்டு எத்தனை நாளைக்கு?

அவர் எல்போவை மாற்றிவிடலாம் என்றார். நான் அந்தத் தரைக் குழாயையே கைவிட்டுவிடலாம் என்றேன். ஒரு மூட்டை இப்படிப் போட்டவர் மற்ற மூட்டுகளை மட்டும் நன்றாகவா போட்டிருப்பார்? தரைக்குள் கிடந்த லைனை இரண்டு முனையிலும் மூடி போட்டு அடைத்துவிட்டு, புது லைனை மாடியிலிருந்து வெளிச்சுவர் வழியாக இறக்கி, நேராகப் பாத்ரூம் சுவருக்குள் கொண்டு வந்தோம். வெயில் பட்டால் சிபிவிசி நொய்ந்து போகும் என்பதால் மேலே நுரைக்குழாய் போர்த்தினோம். தண்ணீரும் சீக்கிரம் ஆறாது. பார்க்க அழகில்லைதான். ஆனால் இனி ஒழுகினால் சுவரில் தெரியும், யாரும் தரையை உடைக்க வேண்டாம். வீடு கட்டுகிறவர்களுக்கு என் ஒரே சிபாரிசு: சுடுதண்ணீர் லைனைத் தரைக்குள் விடாதீர்கள். பிளம்பர் சுருக்கமாக முடியும் என்று சொல்வார், சுருக்கமாக முடிவது அவருக்குத்தான்.

புது லைனை மூடும் முன்னால் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் ஒரு மணி நேரம் நகராமல் நிற்கிறதா என்று பார்த்தோம். இந்தப் பம்பு பெரும்பாலான பிளம்பரிடம் இருக்கும், கேட்டால்தான் எடுத்து வருவார்கள். சொல்யூஷன் டப்பாவையும் ஒரு பார்வை பாருங்கள். சிபிவிசிக்குத் தனி, பச்சைத் தண்ணீருக்குப் போடும் வெள்ளை யுபிவிசி பைப்புக்குத் தனி. கையில் இருப்பதை வைத்து இரண்டுக்கும் ஓட்டுவதுதான் வழக்கம்.

கசிவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான சோதனை, அதாவது ஒறம்பரை, விருந்துக்கு வரும் சொந்தபந்தம். கொழுந்தனார் மகளுக்கு வைகாசியில் காதுகுத்து வைத்திருந்தார்கள். குலதெய்வம் கோயிலில் காரியம், சாப்பாடும் தங்கலும் எங்கள் வீட்டில். அத்தைக்கு முகமே சரியில்லை. “ஒறம்பரை வர்ற நேரத்துல ஊட்டுக்குள்ள குழி வெட்டி வெச்சிருந்தா நாலு பேரு என்னங்கண்ணு சொல்லுவாங்க?” மேஸ்திரி தம்பி அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். “ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றனுங்க அக்கா. மேல ஒரு கெமிக்கல் அடிச்சுட்டுப் போட்டுறலாம், ஒண்ணும் ஆகாதுங்க.”

கெமிக்கல் என்று அவர் சொன்னது நீர்க்காப்புப் பூச்சு. அது நல்ல சரக்குதான். ஆனால் ஈரத்தை உள்ளே வைத்து மேலே பூசினால், உள்ளே இருக்கிற தண்ணீர் போக்கிடம் இல்லாமல் சுவர்ப் பக்கம் நகரும். ஸ்கர்ட்டிங்குக்கு மேலே பெயிண்ட் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும். அப்புறம் சுவர் வேலை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. குழியின் மேல் தடிமனான பிளைவுட் பலகை போட்டு, அதன் மேல் பவானி ஜமுக்காளத்தை நீளமாக விரித்துவிட்டோம். வந்தவர்கள் அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். பலகை லேசாக ஆடியதைக் கண்டுபிடித்தது குழந்தைகள் மட்டும்தான். குதித்துக் குதித்துப் பார்த்தார்கள்.

காயவைப்பதில் ஒரு குறுக்கு வழி உண்டு, அது நேர்மையான குறுக்கு வழி. ஈரக் கலவை காயட்டும் என்று காத்திருக்காமல் அதை முழுசாக அள்ளி வெளியே கொட்டிவிட வேண்டும். சிமெண்ட் கலவை நல்ல காற்றோட்டத்தில் மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காயும் என்று கட்டட வேலையில் ஒரு பொதுக்கணக்கு சொல்வார்கள். இரண்டு அங்குலக் கலவை என்றால் 50 நாள். அது உதிர்ந்து போன கலவை, காய்ந்தாலும் பயனில்லை. அதனால் சாக்பீஸ் வட்டத்துக்கு ஒரு கல் தள்ளி வரைக்கும் பெயர்த்து, அடியில் அடித்தளமாக இருக்கும் பெட் காங்கிரீட் தெரியும் வரைக்கும் சுரண்டி எடுத்தோம். அப்புறம் ஜன்னல், பின்கதவு எல்லாம் திறந்து, ஸ்டாண்ட் ஃபேனைக் குழியைப் பார்த்து வைத்தோம்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் ஆரம்பிக்கும் காற்று ஆடி முடிகிற வரைக்கும் விடாது. உடுமலை, கேத்தனூர், பல்லடம் பக்கமெல்லாம் காத்தாடி நட்டு மின்சாரம் எடுக்கிறார்களே, அதே காற்று. ஒரு கதவைத் திறந்து வைத்தால் வீட்டுக்குள் காலண்டர் நிற்காது. தரை காய அதைவிட வேறென்ன வேண்டும்? இதே வேலையை ஐப்பசி அடைமழையில் செய்பவர்கள் இரண்டு மடங்கு பொறுக்க வேண்டியிருக்கும். காங்கிரீட்டின் நிறம் வெளுத்த பிறகும் அதே பாலித்தீன் தாள் சோதனையைச் செய்தோம். முதல் தடவை உள்ளே வியர்த்தது, மூடாமல் விட்டோம். வியர்க்காத பிறகுதான் மேஸ்திரியைக் கூப்பிட்டோம்.

அவர் எம்சாண்டும் சிமெண்டும் கலந்து குழியை நிரப்பும்போது மாமா, “தண்ணியக் காயவெச்சுப்போட்டு மறுக்காத் தண்ணி ஊத்துறீங்களே” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் டைல்ஸ் பசை மெல்லிசாகப் பூசத்தான். இரண்டு அங்குலக் குழியைப் பசையால் நிரப்ப முடியாது. ஒன்றுக்கு நாலு கலவை, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், தண்ணீர் வடியாது என்கிற பதத்தில் கலந்து, அடியில் சிமெண்ட் பால் தடவி, கொட்டி, இடித்து, மட்டக்கோல் இழுத்து, ரசமட்டம் பார்த்தோம். பக்கத்துக் கல்லின் மேல்மட்டத்திலிருந்து கல் தடிமனும் பசைக்கு ஒரு நாலைந்து மில்லிமீட்டரும் கீழே நிற்க வேண்டும். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு, அப்புறம் காயவிட்டோம். இந்தத் தண்ணீர் அளவுள்ள தண்ணீர், பெரும்பகுதி சிமெண்டே இழுத்துக்கொள்ளும். குழாய் ஒழுகுவது அளவில்லாத தண்ணீர். மாமாவுக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. பாத்ரூம் வாசலை ஒட்டிய பகுதிக்கு மட்டும் மேஸ்திரி சொன்ன நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கை அடித்தோம். காய்ந்த தரையில் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யும்.

பசை வாங்கும்போது பையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும் எந்த வகை என்பதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்ரிஃபைட் கல்லுக்கு இரண்டாம் வகைக்குக் குறையாமல் வேண்டும். 20 கிலோ பை ஏறத்தாழ 50 சதுர அடிக்கு வரும். தண்ணீரில் பொடியைப் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிஷம் விட்டு, மறுபடி கலக்க வேண்டும். இறுகத் தொடங்கின பிறகு தண்ணீர் ஊற்றி இளக்கினால் அது பசை இல்லை, சேறு.

போடும் முறையில்தான் மேஸ்திரிக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். கல்லின் நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்துக் கவிழ்ப்பது அவர் பழக்கம். உருண்டைக்கு நடுவில் இருப்பதெல்லாம் வெற்றிடம். பின்னால் ஈரம் வந்தால் தேங்கவும், கனமான பாத்திரம் விழுந்தால் கல் உடையவும் அதுவே இடம். பல் வைத்த கரண்டியால் தரையில் பசையை ஒரே திசையில் இழுத்து, கல்லின் முதுகை ஈரத்துணியால் துடைத்து அந்த வெள்ளைப் பொடியை எடுத்து, முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி வைக்கச் சொன்னேன். முதல் கல்லை வைத்தவுடனே தூக்கிப் பார்க்கவும் சொன்னேன். முதுகு முழுக்கப் பசை ஒட்டியிருந்தது. தம்பியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அட, பரவால்லீங்க” என்றார். அதற்குப் பிறகு அவராகவே ஒவ்வொரு கல்லையும் துடைத்தார்.

கல்லுக்குக் கல் 3 மில்லிமீட்டர் ஸ்பேசர். சுவரோரம் கால் அங்குலம் வெறுமனே விட்டு, அதை ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும்படி செய்தோம். அந்த இடைவெளியைக் கலவையால் அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும், கை தானாக அங்கே போகும். 20, 25 அடிக்கு மேல் நீளமான ஹால் என்றால் நடுவிலும் ஒரு சந்தில் சிமெண்ட் போடாமல் சிலிகான் போன்ற நெகிழ்கிற பொருள் வைக்க வேண்டும். இது இல்லாததால்தான் ஒவ்வொரு சித்திரையிலும் ஊர் முழுக்க டமார் டமார் என்று கேட்கிறது.

பழைய கல்லுக்கு ஜோடி கிடைப்பது தனிப் பாடு. டைல்ஸ் செய்கிற குஜராத் ஊரான மோர்பியில் டிசைன் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரே டிசைன் கிடைத்தாலும் பேட்ச் வேறாக இருந்தால் நிறத்தில் ஒரு சாயல் தள்ளும், அளவிலும் மயிரிழை வித்தியாசம் வரும். எங்களிடம் லாஃப்டில் ஒரு பெட்டி இருந்தது, அது போதவில்லை. அதற்கு அத்தை சொன்ன யோசனைதான் வேலைக்கு ஆனது. உள்ரூமில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் கீழே இருக்கும் நல்ல கற்களைப் பெயர்த்து நடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கடையில் கிடைத்த நிறம் சேராத கல்லைப் போட்டோம். அடியில் பிடிப்பில்லாத கல் என்பதால் சந்தை அறுத்தவுடன் உறிஞ்சு கப் வைத்து இழுத்தே எடுத்துவிட முடிந்தது. பீரோவை நகர்த்தினால்தான் யாருக்கும் தெரியும்.

சந்து அடைக்க நடைக்குச் சாதாரண கிரவுட், பாத்ரூம் வாசலுக்கு எபாக்ஸி. எபாக்ஸி விலை அதிகம், கலந்தால் அரை மணி, முக்கால் மணிக்குள் தீர்த்துவிட வேண்டும். கல்லின் மேல் படிந்ததை உடனுக்குடன் துடைக்காவிட்டால் அப்புறம் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஈரச் சந்தில் அது பிடிக்காது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எபாக்ஸி மேலிருந்து இறங்கும் தண்ணீரைத்தான் தடுக்கும். கீழே கசிகிற தண்ணீருக்கு அது மூடி போட்டதாக ஆகும். இதோடு பாத்ரூம் கழுவ ஆசிட் ஊற்றும் பழக்கத்தையும் நிறுத்தினோம். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், வெள்ளைப் படிமம் வரும், கை ஆசிட் பாட்டிலுக்குத்தான் போகும். ஆசிட் உப்போடு சேர்த்துச் சிமெண்ட் கிரவுட்டையும் தின்றுவிடும். சந்து குழிந்தால் குளிக்கிற தண்ணீர் இறங்க வழி. வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும். குளித்தவுடன் ஒரு வைப்பர் இழுத்தால் படிமமே குறைவு.

உள்ரூமில் இன்னும் சில கற்கள் தட்டினால் ‘டொம்’ என்கின்றன. அவற்றைத் தொடவில்லை. ஆடவில்லை, கீறல் இல்லை, சந்து கறுக்கவில்லை, அடியில் ஈரமில்லை. சந்தில் துளை போட்டு ஊசி மூலம் பசை ஏற்றித் தருகிறோம் என்று ஒருவர் சொன்னார். காய்ந்த வெற்றிடத்துக்கு அது ஓரளவு உதவும், ஈரமான கலவைக்கு உதவாது. எங்களுக்கு இப்போதைக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அந்த ரூம் சுவரோரம் ஸ்கர்ட்டிங்கைக் கொஞ்சம் அறுத்து, வெயிலுக்கு நீள இடம் விட்டுவிட்டோம்.

புதுக் குழாய் எந்தச் சுவரில் எத்தனை அடி உயரத்தில் போகிறது என்று அளவு நாடா வைத்து போட்டோ எடுத்து, ஒரு பிரிண்ட் போட்டு மின்சார மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். மிஞ்சின கற்களை அதன் பெட்டியோடு லாஃப்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம், படுக்கப் போட்டால் அடிக்கல் உடையும். பேட்ச் எண் அச்சடித்த பக்கம் வெளியே தெரியும்படி.